கடுகின் காதோரம் ஒரு சொட்டு இரத்தம்

எங்கள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய் வந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் கால்நடை மருத்துவர் அல்லர், என் மாமியார். பின்கட்டில் வைத்திருந்த மணல் தட்டைச் சுற்றி ஒரு வாரமாக எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. நான் எறும்புப் பொடியைத் தேடிக்கொண்டிருந்தபோது, பதினெட்டு ஆண்டுகளாகத் தாமே சர்க்கரை நோயோடு வாழ்ந்துவரும் அத்தை, "ஏம்மா, இவன் மூத்திரத்துக்கு எறும்பு மொய்க்குதுன்னா இவனுக்கும் என் சீக்குதான்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியாகத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனைக்கு வந்து சேர்ந்ததால் அவனுக்குக் கடுகு என்று பெயரிட்டோம். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கடுகு ஏழு கிலோவைத் தாண்டியிருந்தது. பிறகு மூன்றே மாதங்களில், தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே, ஒன்றே கால் கிலோ குறைந்தான். தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளில் இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தது. பருத்த உடம்பு இளைப்பது நல்லதுதானே என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பின்னங்கால்களின் குதிப்பகுதி தரையில் படியும்படி, முயல் நடப்பதுபோல் அவன் நடக்கத் தொடங்கியதைக்கூட வயதாகிவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். அது கால் நரம்புகளைச் சர்க்கரை தாக்கியதன் அடையாளம் என்று பின்னர் மருத்துவர் சொன்னார். கருத்தடை செய்யப்பட்டு, வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து, உடல் பருத்து, நடுவயதைக் கடந்த ஆண் பூனை என்ற விவரிப்பு, இந்த நோய்க்கென்றே எழுதி வைத்ததுபோல் கடுகுக்குப் பொருந்தியது.

மருத்துவமனையில் எடுத்த முதல் அளவு 412. ஆட்டோவில் முக்கால் மணி நேரம் கூடைக்குள் ஓலமிட்டுக்கொண்டே வந்து, மேசையில் இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருக்க எடுத்த அளவு அது. ஆரோக்கியமான பூனைக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம் வரை சர்க்கரை இருக்கும்; ஆனால் பயந்துபோன பூனைக்கு, நோயே இல்லாவிட்டாலும், அது 300-ஐயும் தாண்டக்கூடும். அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரையை அப்படியே இரத்தத்தில் கொட்டிவிடுகிறது. ஆகவே அந்த 412-ஐ மட்டும் நம்பாமல், சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறதா என்றும், கடந்த இரண்டு வாரங்களின் போக்கைக் காட்டும் ஃபிரக்டோசமின் அளவையும் பார்த்த பிறகே மருத்துவர் நோயை உறுதிசெய்தார். அன்றே அவர் இன்னொன்றும் சொன்னார்: "இவனை மாதம் ஒரு முறை இங்கே தூக்கிவந்து நான் பார்க்கும் அளவைவிட, நீங்கள் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் அளவுதான் எனக்கு வேண்டும்." வீட்டில் இரத்தம் எடுப்பதா என்று நான் மலைத்ததைப் பார்த்து, ஊசி போடுவதைவிட அது எளிது என்றார். ஊசி போடுவதே எளிது என்பதுதான் உண்மை; காதில் குத்துவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

குளுக்கோமீட்டர் வீட்டிலேயே இருந்தது, அத்தையுடையது. மனிதருக்கான கருவி பூனைக்கும் ஆகுமா என்பது என் முதல் கேள்வி. ஆகும், ஆனால் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும். மனித இரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. பூனை இரத்தத்தில் ஏறக்குறைய முழுவதும் வெளியே, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில்தான் இருக்கிறது. மனிதக் கருவியின் கணக்கு நம் இரத்தத்துக்கு ஏற்ப அமைந்தது. ஒரு நாள் மருத்துவர் நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, அதே ஊசியிலிருந்து ஒரு சொட்டை எங்கள் கருவியிலும் வைத்துப் பார்த்தார். ஆய்வகம் 318 என்றது. அத்தையின் கருவி 241 என்றது. விலங்குகளுக்கென்றே ஆல்ஃபாட்ராக் போன்ற கருவிகள் இருக்கின்றன. அவை துல்லியமானவை, ஆனால் அவற்றின் ஸ்ட்ரிப் (இரத்தச் சொட்டை வைக்கும் சோதனைப் பட்டை) எனக்கு எளிதில் கிடைக்கவில்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஸ்ட்ரிப் செலவாகும் வீட்டில், எந்த நேரத்திலும் பக்கத்துக் கடையில் வாங்க முடிகிற கருவியே மேல் என்று முடிவுசெய்தோம். மருத்துவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: ஒரே கருவி, ஒரே வகை ஸ்ட்ரிப், இடையில் மாற்றவே கூடாது, எந்தக் கருவியில் பார்த்தது என்பதையும் அளவோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.

இனி காதுக்கு வருகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான். முதல் நாள் மாலை நான் ஏழு ஸ்ட்ரிப்புகளை வீணாக்கினேன். இரத்தமே வரவில்லை, வந்தபோது அது காது மயிரில் பரவிக் காணாமல் போனது, திரண்டு நின்ற ஒரே ஒரு முறை கடுகு தலையை உதறி அதைச் சுவரில் தெளித்தான். கருவியோடு வரும் பேனா போன்ற குத்துவானின் "டிக்" ஒலியே அவனுக்குப் பெரும் பகை என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, லான்செட் என்ற குட்டி ஊசியை மட்டும் விரல்களுக்கிடையே பிடித்துக் கையாலேயே குத்தத் தொடங்கியதும் பாதிப் போராட்டம் ஓய்ந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். பழைய பருத்திக் காலுறையில் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு முடிந்து, தோசைக்கல்லின் இளஞ்சூட்டில் புரட்டி எடுத்து, என் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூட்டைச் சோதித்துவிட்டு, அவன் காதோரத்தில் அரை நிமிடம் ஒற்றி எடுக்கிறேன். குளிர்ந்த காதில் இரத்தம் வராது. பூனையோடு மல்லுக்கட்டும் நேரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால் வருவதே. காதின் வெளிவிளிம்பையொட்டி ஒரு மெல்லிய இரத்த நரம்பு ஓடுகிறது. செம்பழுப்பு நிறக் காது என்பதால், பின்னாலிருந்து கைப்பேசி விளக்கை அடித்தால் கடுகின் காதில் அது நூல்போலத் தெரியும். நரம்பைக் குத்துவதில்லை, நரம்புக்கும் காதின் ஓரத்துக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் குத்த வேண்டும். அந்த இடத்தில் முன்கூட்டியே விரல் நுனியால் வாசலைனை மிக மெல்லியதாகத் தடவிவிட்டால் இரத்தம் மயிரில் பரவாமல் கடுகுமணிபோல் உருண்டு நிற்கும். காதின் மறுபக்கத்தில் மடித்த பஞ்சை வைத்துக்கொள்ளாவிட்டால் லான்செட் உங்கள் விரலில்தான் முடியும். என் இடது ஆள்காட்டி விரல் அதற்குச் சாட்சி. ஸ்ட்ரிப்பைச் சொட்டின் மேல் அழுத்தக் கூடாது, அதன் விளிம்பைத் தொடவிட்டால் போதும், தானே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் பத்துப் பதினைந்து விநாடிகள் காதை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் மறுநாள் காது நீலம் பாரித்து, தொடவே விடமாட்டான்.

முடிந்தவுடன் உப்புப் போடாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. அளவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் துண்டு உண்டு. இரண்டு முறை குத்தியும் இரத்தம் வரவில்லையென்றால் அந்த நேரத்தை அத்தோடு விட்டுவிடுவது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். வலுக்கட்டாயமாகப் பிடித்து வாங்கும் அளவு, மருத்துவமனை அளவைப் போலவே பயத்தின் அளவாகிவிடும். பிறகு வீட்டில் பார்ப்பதற்குப் பொருளே இல்லை.

எண்கள் வரத் தொடங்கிய முதல் மாதம் நான் அவற்றுக்கு அடிமையானேன். காலை 310 என்றால் அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் 220 என்றால் நோயே போய்விட்டதுபோல் இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை 356-ஐப் பார்த்துவிட்டு, இன்சுலினை அரை யூனிட் கூட்டட்டுமா என்று மருத்துவருக்குச் செய்தி அனுப்பினேன். நேற்று இரவு என்ன சாப்பிட்டான், பகலில் குறைந்தபட்ச அளவு என்ன என்று அவர் கேட்ட இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. நோட்டுப் போட்டு எழுதும் பழக்கம் அன்றுதான் தொடங்கியது. தேதி, நேரம், அளவு, உணவு, ஊசியின் அளவு, எந்தப் பக்கம் போட்டது, மணல் தட்டில் எத்தனை கட்டி ஆகியவற்றோடு கடைசியில் ஒரு கட்டத்தில் அவன் மனநிலையும் சேர்ந்தது. "வாசலில் பட்டாசு, கட்டிலுக்கடியில் மூன்று மணி நேரம்" என்ற குறிப்புக்குப் பக்கத்தில் நிற்கும் 340-க்கு மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை.

தனித்த ஓர் எண் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தபோது விளங்கியது. காலை ஏழு மணிக்கு, ஊசிக்கு முன், 302. ஒன்பதுக்கு 256, பதினொன்றுக்கு 181, ஒரு மணிக்கு 128, மூன்று மணிக்கு 117, ஐந்துக்கு 163, மாலை ஏழுக்கு 254. காலையும் மாலையும் மட்டும் பார்த்திருந்தால் மருந்து போதவில்லை என்றே எவரும் சொல்வர். நடுப்பகலில் அவன் போதுமான அளவுக்கு இறங்கி வந்திருந்தான். அங்கே அரை யூனிட் கூட்டியிருந்தால் 117 எங்கே போயிருக்குமோ. மிகத் தாழ்ந்த புள்ளி 80-க்கும் 150-க்கும் இடையில் இருக்க வேண்டும், மற்ற நேரங்களில் 300-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும் என்பது எங்களுக்கு மருத்துவர் வகுத்துத் தந்த எல்லை. அளவை மாற்றுவதென்றால் அரை யூனிட்டுக்கு மேல் இல்லை. மாற்றினால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். மாற்றுபவர் அவர், நான் அல்ல.

ஐந்தாம் மாதத்தில் நடந்ததை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கடுகுக்குக் கொடுத்துவந்தது கிளார்ஜின் இன்சுலின், ஒரு வேளைக்கு 2 யூனிட். அது ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் கொண்டது. நம் நாட்டில் குப்பியில் விற்கும் சாதாரண மனித இன்சுலின் பலவும் இன்றும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சுகள்: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்ச் தீர்ந்துபோன மாலையில் என் கணவர் வழியில் இருந்த ஒரு மருந்துக் கடையில் "இன்சுலின் சிரிஞ்ச்" என்று மட்டும் கேட்டு வாங்கிவந்தார். கடைக்காரரும் எந்த இன்சுலினுக்கு என்று கேட்கவில்லை. நானும் மூடியின் நிறத்தைக் கவனிக்கவில்லை. சமையலறையின் மஞ்சள் விளக்கில், குக்கர் கூவிக்கொண்டிருக்க, 2 என்ற கோடு வரை இழுத்துப் போட்டேன். சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு 0.05 மில்லிலிட்டர். எங்கள் மருந்தில் அது 5 யூனிட்.

இரவு பத்து மணிக்குக் கடுகு கிரைண்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டதும் எழுந்தவன் குடித்தவன்போல் தள்ளாடினான். கோழித் துண்டை மூக்கருகே நீட்டினேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கருவி 41 காட்டியது. நம்பாமல் மற்றக் காதில் பார்த்தேன், 38. மனிதக் கருவி குறைத்துக் காட்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஊசி போட்டு மூன்று மணி நேரமே ஆகியிருந்தது, மருந்தின் வேலை இனிமேல்தான் உச்சத்துக்குப் போகும். மருத்துவரை அழைத்தேன். தேனை விரலில் எடுத்து ஈறுகளில் தடவுங்கள், வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும், தடவிக்கொண்டே கிளம்பி இரவு மருத்துவமனைக்கு வாருங்கள் என்றார். வண்டியில் போகும் வழியெல்லாம் கால் மணிக்கு ஒரு முறை தடவினேன். மீனம்பாக்கத்தைத் தாண்டும்போது அவன் என் விரலைக் கடித்தான். எனக்கு உயிர் வந்தது. இரவு முழுவதும் குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் நண்பகலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். என்ன தவறு நடந்தது என்று எங்களுக்கு அதுவரை விளங்கவே இல்லை. "சிரிஞ்ச் மூடி என்ன நிறம்?" என்று மருத்துவர் கேட்டபோதுதான் வீட்டுக்குப் போன் செய்து, அத்தையைக் குப்பைக் கூடையைப் பார்க்கச் சொன்னோம்.

கருவி இல்லாத வீடாக இருந்திருந்தால், தூக்கக் கலக்கம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பேன். அதே சமயம், மாலை ஏழு மணிக்கு ஊசிக்கு முன் பார்த்த 286 எந்த எச்சரிக்கையும் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் சிரிஞ்ச் தவறானது என்று குளுக்கோமீட்டர் எப்படிச் சொல்லும்? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அரை யூனிட் கோடு போட்ட, 0.3 மில்லிலிட்டர் கொள்ளும் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் மட்டுமே இருக்கிறது. அத்தை தம் சிவப்பு மூடி சிரிஞ்சுகளை அலமாரியில் வேறு தட்டில், பூட்டி வைத்திருக்கிறார்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடுகு தயிர்ச்சோற்றில் வளர்ந்தவன். மத்தி மீனைப் பிசைந்த சோறு மதியம், தயிர்ச்சோறு இரவு, இடையில் கடையில் வாங்கும் உலர் உணவு. மூன்றுமே பூனையின் உடம்புக்கு அளவுக்கு மிஞ்சிய மாவுச்சத்து. நோய் உறுதியான மறுநாளே அனைத்தையும் நிறுத்திவிட நான் துடித்தேன், மருத்துவர் தடுத்தார். மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரையும் வேகமாக இறங்கும். இன்சுலின் மட்டும் பழைய அளவில் தொடர்ந்தால் அதுவே ஆபத்து. மூன்று வாரங்களில், கால் பங்கு கால் பங்காக, ஈரமான டப்பா உணவுக்கு மாற்றினோம்; அந்த மூன்று வாரமும் நடுப்பகல் அளவைத் தவறாமல் பார்த்தோம். வெறும் கோழிக்கறி போதாது, டாரின் என்ற அமினோ அமிலமும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாமல் பூனையின் கண்ணும் இதயமும் எலும்பும் கெடும் என்பதால் கோழி இன்றும் பரிசுத் துண்டாகவே நிற்கிறது. அத்தைக்குத்தான் மனம் ஆறவில்லை. நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 371 என்று காரணமில்லாமல் நின்ற எண்ணுக்கு, இரண்டு நாள் கழித்து அவரே வந்து, "ஒரு வாய் தயிர்ச்சோறுதாம்மா, பாவம், பாத்துட்டே இருந்தான்" என்று விளக்கம் கொடுத்தார்.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரையும் ஒரு முறை முயன்றோம். தோள்பட்டையருகே மயிரை மழித்து ஒட்டியது பதினான்கு நாள் இருந்திருக்க வேண்டும். ஆறாம் நாள் கதவிடுக்கில் தேய்த்துப் பிய்த்தெறிந்தான். இரவு இரண்டு மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்பதை அந்த ஆறு நாட்கள் காட்டின, அதுவே போதுமாக இருந்தது. தோலடி நீரை அளப்பதால் அது இரத்தத்துக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். சந்தேகமான தாழ்ந்த எண்ணைக் காதில் குத்தி உறுதிசெய்துகொள்வதே நல்லது.

சென்னையின் புழுக்கம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும் என்பதும் நான் விலை கொடுத்துக் கற்றது. டப்பாவை நன்றாக மூடாமல் அடுப்பு மேடையில் வைத்திருந்த ஒரு வாரம் முழுவதும் எண்கள் தாறுமாறாக வந்தன. இன்சுலினைக் குளிர்பெட்டியின் கதவில் வைப்பதில்லை. நடுத்தட்டில், உறைபெட்டியிலிருந்து தள்ளி வைக்கிறோம். கோடை மின்வெட்டு நீண்டால் திறக்காமலே விடுகிறோம். இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோனைச் சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் ஒரு டப்பா உண்டு. அவன் சாப்பிட மறுக்கும் நாளிலோ வாந்தியெடுக்கும் நாளிலோ அதைப் பார்க்காமல் இருப்பதில்லை.

இன்சுலினே தேவைப்படாத நிலைக்குச் சில பூனைகள் திரும்புவதுண்டு, அதுவும் நோயைத் தொடக்கத்திலேயே கட்டுக்குள் கொண்டுவந்தால். கடுகு இன்னும் அங்கே போகவில்லை. ஒன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வேளைக்கு 1 யூனிட்டில் நிற்கிறான், எடை ஐந்தே முக்கால் கிலோ, நடை சீராகி மாடிப்படி ஏறுகிறான். அடுத்த வாரம் திருநெல்வேலியில் ஒரு திருமணத்துக்கு நாங்கள் அனைவரும் இரண்டு நாள் போகிறோம். எதிர்வீட்டுப் பெண் நான்கு மாலைகள் வந்து என்னோடு உட்கார்ந்து காதில் குத்தப் பழகிவிட்டாள். குளிர்பெட்டிக் கதவில் அவளுக்காக ஒட்டியிருக்கும் தாளில் அத்தை தம் கையால் எழுதியிருக்கிறார்: "ஆரஞ்சு மூடி மட்டும். முதலில் அளவு, அடுத்து சாப்பாடு, கடைசியில் ஊசி. சாப்பிடலைன்னாலும் 150-க்குக் கீழே இருந்தாலும் ஊசி போடாம போன் பண்ணு. தேன் மேல்தட்டில். தயிர்ச்சோறு கேட்பான், கொடுக்காதே."